பின்சீட்டு இல்லாத காடி

கல்யாணமாகி மலாய் நாட்டுக்கு, இந்த புக்கிட் பெலிம்பிங் ஊருக்கு வந்த முதல் வாரம், "காடி எடுத்துட்டு வரேன், கெளம்பி நில்லு" என்று சொல்லிவிட்டு என் கணவர் செல்வம் வெளியே போனார். எங்கள் அறந்தாங்கிப் பக்கத்தில் காடி என்றால் மாட்டுக்கு வைக்கிற புளித்த கழுநீர். மாடே இல்லாத வீட்டில் இந்த மனுஷன் அதை எங்கே போய்ப் பிடித்துவருகிறார் என்று, ஒரு வாளியைக் கழுவி எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். கார் வந்து நின்றது. இங்கே காரைத்தான் காடி என்பார்களாம். பதினொரு வருஷமாகியும் அந்தக் கதையை ஆள் ஆளாகக் கூப்பிட்டுச் சொல்கிறார். "அங்கேயும் தமிழ்தானே, உனக்கென்ன கஷ்டம்?" என்று ஊரில் கேட்கிறீர்கள். தமிழ்தான், ஆனால் வாளியோடு நிற்க வைக்கிற தமிழ்.

செல்வம் பிறந்தது சபாக் போகும் வழியில் ஒரு தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில். இப்போது அதே தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலைகளை எண்ணெய் ஆலைக்கு ஏற்றிப் போகும் லோரிகள் வைத்திருக்கிறார். குடி, சீட்டு எதுவும் கிடையாது. சாவதற்குள் ஒரு ஸ்போர்ட்ஸ் காடி ஓட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. போன மாதம் கிள்ளானில் ஒரு கடையில் இரண்டைப் பார்த்து வைத்தார். இரண்டுமே ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகள். ஒன்று பந்தயத் திடலில் ஓட்டுவதற்கென்றே செய்தது. இரண்டே இருக்கை, கனத்தைக் குறைக்கப் பின்சீட்டையே கழற்றி எறிந்திருந்தார்கள். இன்னொன்று ஹைபிரிட். பெட்ரோலும் பேட்டரியும் கலந்து ஓடும், நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். அதற்குப் பின்னால் இரண்டு குட்டி இருக்கைகள் உண்டு.

நான் ஹைபிரிட் பக்கம். "மழை பேஞ்சா நம்ம ரோட்டுல லோரிச் சகதி. ரெண்டு சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி வழுக்கிக்கிட்டுப் போயி கால்வாயில நிக்கும்" என்றேன்.

"நான் லோரி ஓட்டுனவன்லா, மல்லிகா. எனக்கா வழுக்கும்? அந்த ஹைபிரிட்டு பேட்டரியத் தூக்கிக்கிட்டு கனமா ஓடும். ரெண்டு சீட்டுக் காடி பாரு, இறகு மாதிரி."

மூன்று வாரம் இதே வழக்கு. டயர், பிரேக், எடை என்று எனக்குத் தெரியாத விஷயமெல்லாம் தேடிப் படித்து மல்லுக்கட்டினேன். பாசிர் பெனம்பாங்கில் இறால் வாங்கப் போன இடத்தில்கூடச் சண்டை. மீன்காரர் எங்களுக்குள் சொத்துத் தகராறு என்றே நினைத்திருப்பார். நாங்கள் இருவருமே காடியைப் பற்றிப் பேசவில்லை என்பது இருவருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்லத்தான் தைரியமில்லை.

நான் மூன்று முறை உண்டானேன். மூன்றும் தங்கவில்லை. பிரசவத்துக்கு வருகிறேன் என்று முதல் தடவையே அம்மா பாஸ்போர்ட் எடுத்துவிட்டாள். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் மருந்துச் சாமானை இடித்து, சலித்து, டப்பாவில் அடைத்தும் வைத்தாள். விமானம் ஏறத்தான் வேளை வரவில்லை. வாராவாரம் போனில், "ஏதாச்சும் விசேஷம் உண்டாடி?" என்பாள். மூன்றாவது கலைந்தது ஆறாம் மாதத்தில். எனக்கு ரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரி நடைபாதையில் செல்வம் செருப்பில்லாமல் நின்றது மட்டும் நினைவிருக்கிறது. இன்னொரு முறை முயன்றால் என் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு நாற்பத்தொன்று. இன்னொரு முறை பார்க்கலாம் என்றுதான் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். செல்வம் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

போன சனிக்கிழமை கடைக்குப் போனோம். சீன இளைஞர் ஒருவர் இரண்டு வண்டிகளையும் சுற்றிக் காட்டினார். நல்ல பிள்ளை. முகமெல்லாம் சிரிப்பாக மலாயில், "அனாக் பெராப்பா?" என்றார். எத்தனை பிள்ளைகள் என்று கேள்வி. "பெலும்" என்றேன். "இன்னும் இல்லை" என்று அர்த்தம். இந்த நாட்டில் கல்யாணமோ பிள்ளையோ கேட்டால், இல்லை என்று அடித்துச் சொல்லமாட்டார்கள், பெலும் என்பார்கள். எழுபது வயதுப் பிரம்மச்சாரியும் பெலும்தான். அது மரியாதை. நான் அதை மரியாதையாகச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னேன்.

அவரும் நம்பிவிட்டார். "அப்படியானால் இதுதான் உங்களுக்கு" என்று ஹைபிரிட்டின் கதவைத் திறந்து, அந்தக் குட்டி இருக்கையைத் தட்டிக் காட்டினார். பிள்ளைகள் தாராளமாக உட்காரலாமாம். எனக்கு வாயெல்லாம் பல்.

"தாக் அடா, பாஸ்" என்றார் செல்வம். இல்லை. பிள்ளை இல்லை.

பதினொரு வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டதே இல்லை. அந்த இளைஞர் தண்ணீர் எடுத்துவருவதாகச் சொல்லி நகர்ந்துவிட்டார்.

"ஏங்க இப்படிச் சொன்னீங்க?"

"என்னால முடியல, மல்லிகா. அந்தப் பின்சீட்ட வாங்கிட்டா நீ மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போவே. எனக்குப் பிள்ள வேணாம்லா. நீ இருந்தா போதும்." முகத்தைத் திருப்பிக்கொண்டு டயரைப் பார்த்தார். தோள் குலுங்கியது.

நான் ஹைபிரிட்டின் பின்சீட்டில் ஏறி உட்காரப் பார்த்தேன். எதற்கென்று கேட்காதீர்கள். முழங்கால் மோவாயில் இடித்தது, தலை கூரையில் முட்டியது. அங்கேயே குனிந்தபடி அழுதேன். மூன்று பேருக்கும் சேர்த்து அழுதேன். பிறகு இறங்கி, புடவையை உதறிக்கொண்டு, "ரெண்டு சீட்டுக் காடியே எடுங்க" என்றேன்.

நேற்று வண்டி வீட்டுக்கு வந்தது. அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"எத்தன பேரு உக்காரலாம்?"

"ரெண்டு பேரும்மா."

அம்மா ஒன்றும் அசடில்லை. வழக்கமான கேள்வி வரவில்லை. "அப்ப நான் அங்க வந்தா எங்கடி உக்காருவேன்?" என்றாள்.

பிள்ளைக்கு இடமில்லை என்று மூன்று வாரம் மருகினேனே, பெற்றவளுக்கு இடமிருக்கிறதா என்று ஒரு நிமிஷம் யோசித்தேனா, பாவி!

"என் சீட்டுல உக்காரும்மா."

"அப்ப நீ?"

"நான் வீட்ல இருக்கேன்."

"நம்ம வீட்டுக்கு வர்றியா? எப்ப?" அம்மாவின் குரல் அப்படியே துள்ளியது. "சொல்லவே இல்லையேடி!"

நான் வீடு என்றது இங்கிருக்கும் இந்த வீட்டை, அவள் வீட்டை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.