முயல்களுக்குப் பதிலாக ஒரு கை

என்னோடு வேலை செய்த மருத்துவ உதவியாளர் டிரெசரின் இடது கைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சிவந்த தடிப்புகள். சொறிந்துவிடாமல் இருக்க, வலது கையால் மேசை விளிம்பை இறுகப் பிடித்திருப்பார்.

ஜப்பானியர் காலத்தில் மலாக்காவின் காஜா பெராங் பகுதியில் ஒரு பழைய வீட்டை மலேரியா ஆய்வுக்கூடமாக்கியிருந்தார்கள். வேலைக்கு நாங்கள் இருவர் மட்டுமே. வலைக்கூண்டில் முட்டையிலிருந்து கொசு வளர்த்தோம். அவை நோயாளி யாரையும் கடித்திராததால் காய்ச்சல் பயம் இல்லை. பெண் கொசு முட்டையிட இரத்தம் வேண்டும். அதற்காக முயலின் வயிற்றை மழித்து, பலகையில் கட்டி, கூண்டுக்குள் வைப்போம். முயல் கத்தாது. அதுதான் டிரெசருக்குத் தாங்கவில்லை. ஒருநாள் கட்டை அவிழ்த்துவிட்டுத் தன் கையை உள்ளே விட்டார்.

“நமக்காச்சும் சொறிஞ்சிக்க இன்னொரு கை இருக்கு,” என்றார்.

பதிவேட்டில் மட்டும் ‘முயல்’ என்றே எழுதச் சொன்னார். “வேலை இல்லாத முயல இந்தக் காலத்துல யாரு தம்பி வச்சிருப்பா?” ஊரே மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்தது. அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. புரிந்த பிறகுதான் இனிச் சொல்லப்போவதைச் செய்தேன்.

நான் ஜப்பானிய மொழி படித்திருந்தேன். அவர் கை கொடுத்த வாரங்களில் முட்டைகள் கூடியிருந்தன. முயல் இல்லாமலே கொசு வளர்க்கலாம் என்று அறிக்கை எழுதி, எங்கள் மேலதிகாரியான ஜப்பானிய டாக்டரிடம் நீட்டினேன். டிரெசரின் பெயரையும் சேர்த்தேன். அதை நேர்மை என்று நினைத்துக்கொண்டேன். டாக்டர் என் கையெழுத்தைப் பாராட்டினார். அன்று பிற்பகலே ஒரு சிப்பாய் வந்து நான்கு முயல்களையும் முகாம் சமையலறைக்குக் கொண்டுபோனான்.

டிரெசர் முயல்களின் காலிக் கூண்டைத் தாழிட்டார். “அறிக்கை நல்லா வந்துச்சா தம்பி?” என்று கேட்டார். அதில் கேலி இல்லை.

மறுநாள் காலை சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கொசுக் கூண்டருகே போனேன்.

“வேணாம். உன் கை எழுதுற கை,” என்று என்னை விலக்கிவிட்டுத் தன் கையை நுழைத்தார்.

சண்டை முடியும்வரை தினமும் அவர்தான் கொடுத்தார். ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தோம். வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை.

இப்போது சேமித்த இரத்தத்தைச் சூடாக்கி, மெல்லிய சவ்வு வழியாகக் கொசுவுக்கு ஊட்டுகிறார்களாம், பத்திரிகையில் படித்தேன். கட்டிவைக்க முயலும் வேண்டாம், கடிபடக் கையும் வேண்டாம். இதைச் சொல்ல டிரெசரைத் தவிர வேறு யாரும் எனக்குத் தோன்றவில்லை. சண்டை முடிந்த வாரம் அவர் ஒரு லாரியில் ஏறினார். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே போகிறீர்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்கும் தகுதி எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.