சாவிக்காரருக்கு மறதி நோய் இல்லை

சாவிக்காரருக்கு மூளை கழன்றுவிட்டது என்று தெருவில் பேச்சு. வீட்டைப் பூட்டிச் சாவியை விழுங்கிவிட்டார் என்றார் மருந்துக்கடைக்காரர். சாக்கடையில் எறிந்ததைக் கண்ணால் கண்டதாகத் தையற்காரர் சத்தியமே செய்தார். விசாரித்ததில் இரண்டும் கட்டுக்கதை. நடந்தது அதைவிட மோசம். வாடிக்கையாளர் ஒருவருக்கு மாற்றுச் சாவி போடும்போது, வெட்டாத புதுச் சாவிக்குப் பதிலாகத் தன் வீட்டுச் சாவியை மிஷினில் மாட்டி வெட்டிவிட்டார். அன்று தன் வீட்டையே திருடன் மாதிரி கம்பி விட்டுத் திறந்தார். கேலி செய்ய உள்ளே ஆள் இல்லை. மனைவி போய்ச் சேர்ந்து மூன்று வருடம்.

டாக்டரம்மா சில கேள்விகள் கேட்டு, "அல்சைமரா இருக்கலாம்" என்று மாத்திரை எழுதி, ரத்தப் பரிசோதனைக்கும் அனுப்பினார். புதன்கிழமை ஞாபகப் பயிற்சி வகுப்பிலும் சேர்த்துவிட்டார். அங்கே பக்கத்து நாற்காலி, ஓய்வுபெற்ற டெலிபோன் ஆபரேட்டரம்மாவுடையது.

"தம்பி என்ன வேலை பாக்குறீங்க?"

"சாவி செய்யறேன்க்கா."

"ஐயையோ, அப்ப கைப்பையை இந்தப் பக்கம் வெச்சுக்கறேன்!"

வாராவாரம் இதே கேள்வி, இதே கேலி. அவரும் வாராவாரம் புதிதாகச் சிரித்தார். மற்ற நாட்களில் அவரோடு பேசியது மிஷின் மட்டும்தான்.

பிறகு ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. டாக்டரம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"ஐயா, ரத்தத்துல அல்சைமருக்கான அடையாளம் இல்லை. நீங்க ராத்திரி போடுற தூக்க மாத்திரைதான் உங்களை மந்தமாக்குதுன்னு நினைக்கிறேன். அதைக் கொஞ்சம் கொஞ்சமா குறைப்போம். மறதி மாத்திரையை நிறுத்திடலாம். வகுப்பும் வேணாம், இடம் கிடைக்காம நிறையப் பேர் காத்திருக்காங்க."

"இன்னொரு தரம் ரத்தம் எடுத்துப் பாருங்களேன்மா. மிஷின் தப்புப் பண்ணும். எனக்குத் தெரியாதா?"

"நல்ல ரிசல்ட்டுக்கு மறு டெஸ்ட் கேக்குற முதல் ஆள் நீங்கதான். வீட்டுல பேச்சுத் துணைக்கு யாராவது இருக்காங்களா?"

"ஞாயித்துக்கிழமை தவறாம மகன் போன் பண்ணுவான்" என்றார். அது போன வருடத்து வழக்கம்.

அதற்கு முன்பு போன கடைசி வகுப்பில் ஆபரேட்டரம்மா ஒரு சின்னத் தகரப் பெட்டியைச் சாவிக்காரர் மடியில் வைத்திருந்தார்.

"சாவி எங்கேயோ போச்சு தம்பி. திறந்து குடுத்தாத்தான் உங்களை நம்புவேன்."

"அடுத்த வாரமே தர்றேன்க்கா."

அவர் கைக்கு அது அரை நிமிட வேலை. வாரங்கள் ஓடியும் பெட்டி கடை மேசையில் பூட்டியபடியே கிடக்கிறது. திறந்தால் கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும். கொடுத்துவிட்டால், அந்த வகுப்பு வாசலை மிதிக்க அவருக்கு வேறு சாக்கு இல்லை.