சாலைத் தடுப்பில் சிரிப்பது எப்படி

எங்கள் வீட்டில் கார் ஓட்டக் கற்றுக்கொள்வது இரண்டு கட்டமாக நடக்கும். ஓட்டுநர் பள்ளியில் கிளட்ச், பிரேக் சொல்லித் தருவார்கள். வீட்டில் அம்மா சிரிக்கச் சொல்லித் தருவார். போலீஸ் சாலைத் தடுப்பைக் கண்டால் வேகத்தைக் குறை, பாட்டை நிறுத்து, கண்ணாடியை இறக்கு, உள்விளக்கைப் போடு, இரண்டு கையையும் ஸ்டீயரிங்மேல் வை, பிறகு சிரி. பல் தெரியக்கூடாது, தெரிந்தால் திமிர். உதட்டோரம் மட்டும் அசைந்தால் அது நக்கல். கல்யாண மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்பவர் சிரிப்பாரே, அந்த அளவு. மலாய் பேசும் இந்த ஜார்ஜ் டவுனில் நம் நிறத்தில் கார் ஓட்டுகிறவனுக்கு லைசென்சைவிட அதுதான் முக்கியம் என்பது அம்மாவின் கட்சி.

இந்தப் பாடத்தில் என் தம்பி முதல் மாணவன். தொழிற்சாலையில் மெஷின்களைப் பழுதுபார்க்கிறவன், எதையும் சொன்னபடி செய்வான்.

போன வருஷம் ஒரு சாயங்காலம் சிம்பாங் அம்பாட்டில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டு இருவரும் திரும்பிக்கொண்டிருந்தோம். அவன் ஓட்டினான், நான் இடப்பக்கம். வழியில் சாலைத் தடுப்பு. அம்மா சொன்ன அத்தனையையும் வரிசை தப்பாமல் செய்தான். போலீஸ்காரர் குனிந்து உள்ளே பார்த்தார்.

"கெனாப்பா சென்யும்?" என்றார். ஏன் சிரிக்கிறாய்?

இந்தக் கேள்விக்கு அம்மா விடை சொல்லித் தந்திருக்கவில்லை. தம்பி என்ன செய்வான், பாவம், இன்னும் கொஞ்சம் சிரித்தான்.

ஜன்னல் வழியாக வந்த கை, கன்னத்தையும் வலது காதையும் சேர்த்து அறைந்தது. பிறகு லைசென்சைத் திருப்பிக் கொடுத்து, "ஜாலான்," என்றார். போகலாமாம்.

மருத்துவமனையில் காது ஜவ்வு கிழிந்திருப்பதாகச் சொன்னார்கள். பிறகு எவ்வளவு வைத்தியம் பார்த்தும் அந்தக் காது சரியாகக் கேட்கவில்லை. அம்மா அழுதார், உடனே கதையும் தயார் செய்தார்.

"ரிப்போர்ட்லாம் வேணாம்லா. பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டான்னு சொல்லிடுவோம்."

"எந்தப் பாத்ரூம்மா கன்னத்துல அஞ்சு விரல் பதிக்கும்?" என்று கத்தினேன்.

பெரியப்பா போனில் வந்தார். பிடிபடுகிற திருடனையெல்லாம் நடுத்தெருவில் வைத்து நாலு சாத்து சாத்த வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் தீர்ப்புச் சொல்பவர். "போலீஸ் சும்மா அடிக்குமா? இவன் என்னா பண்ணானோ. ஜனங்களுக்கு ஒரு பயம் இருக்கணும்லா," என்றார். பயம் எங்களுக்கு ஏற்கனவே நிறைய இருந்தது. அதற்குத்தான் சிரிப்பு என்று பேர் வைத்து வளர்த்திருந்தோம்.

வேலியே பயிரை மேய்ந்தால் என்ன செய்வது என்று நம் ஆட்கள் காலங்காலமாகக் கேட்கிறார்கள். பதில் சுலபம்: வேலியிடமே போய் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். போனோம். கவுன்டரில் இருந்தவர் மரியாதையானவர், நாற்காலியெல்லாம் போட்டார். உன் தம்பி என்ன செய்தான் என்று மலாயில் கேட்டார். சிரித்தான் என்றேன். தட்டச்சு நின்றது.

"எந்த மாதிரி சிரிப்பு?"

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. "சிரிச்சுக் காட்டுடா," என்றேன். பஞ்சு வைத்த காதோடு தம்பி சிரித்துக் காட்டினான். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பியாசா சாஜா," என்றார். சாதாரணமாகத்தானே இருக்கிறது என்று அர்த்தம். அந்த மனிதருக்கே கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். அதற்குப் பிறகு எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.

விசாரிக்கிறோம் என்று அனுப்பினார்கள். கல்யாணத்துக்கு வர முடியாதவர்களும் 'விசாரித்ததாகச் சொல்லுங்கள்' என்றுதான் சொல்லியனுப்புவார்கள். இரண்டுக்கும் எங்களுக்குக் கிடைத்த பலன் ஒன்றுதான். இதுவரை யாரும் கூப்பிடவில்லை.

தம்பி இப்போதும் கார் ஓட்டுகிறான். ஆனால் நம் நாட்டுக் காரில் ஓட்டுநருக்கு ஜன்னல் வலப்பக்கம். போலீஸ்காரர் வந்து பேசுவது, போலீஸ்காரர் கெடுத்த அதே காதில். அதனால் முடிந்தபோதெல்லாம் நான் கூடப் போகிறேன், இடது காதுக்கு மொழிபெயர்ப்பாளராக.

போன மாதம் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போய்விட்டு வரும்போது மறுபடியும் ஒரு சாலைத் தடுப்பு. தம்பி கண்ணாடியை இறக்கினான், விளக்கைப் போட்டான், கைகளை ஸ்டீயரிங்மேல் வைத்தான். சிரிக்கவில்லை. இனிமேல் சிரிப்பதில்லை என்று அவன் முடிவு செய்து மாதங்கள் ஆகியிருந்தன. வந்தவர் சின்ன வயசுக்காரர். நல்ல மாதிரியாகத்தான் ஏதோ சொன்னார். தம்பிக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். இடது காதைக் கொடுக்க வேண்டுமானால் முகத்தைத் திருப்ப வேண்டும்; திருப்பினால் அது எந்தக் குற்றமோ. தம்பி நேரே பார்த்தபடி உதடு அசையாமல் கேட்டான்.

"அக்கா, என்ன சொல்றாரு?"

"மூஞ்சிய ஏன்டா உர்ருனு வச்சிருக்கன்றாரு. கொஞ்சம் சிரிக்கச் சொல்றாரு."

தம்பி சிரித்தான், அம்மா சொல்லித் தந்த அதே அளவு. வலது கை மட்டும் ஸ்டீயரிங்கை விட்டு எழுந்துபோய்க் காதைப் பொத்திக்கொண்டது.