மைக் மாமா வாயில் வைத்த தண்ணீர்

மாமா ஒரு வாய்த் தண்ணீரை விழுங்காமலும் துப்பாமலும் வைத்துக்கொண்டு, தன் மகளுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். முதல் முறை அதைப் பார்த்தபோது அவருக்குப் பல்வலி என்றுதான் நினைத்தேன். இரண்டு கன்னங்களும் உப்பியிருந்தன.

"என்ன மாமா ஆச்சு?" என்றேன். கையை மட்டும் ஆட்டினார்.

அத்தை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அவர் இப்ப பேசமாட்டார். பேசாம இருக்கிறதுக்குத்தான் அந்தத் தண்ணியே."

மாமாவைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். ஏன் என்று சொல்ல வேண்டுமானால், அவர் வேலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மாமா என் அம்மாவின் தம்பி. பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். அதற்கு முன்பு பஸ்ஸில் கிளீனராக இருந்தார். படிக்கட்டில் தொங்கிக்கொண்டு ஊர்ப் பெயர்களைக் கூவுவதுதான் வேலை. ஒருநாள் நிலையத்து மைக் பழுதாகிவிட, மாமா நடைமேடையில் ஏறி நின்று வெறும் தொண்டையாலேயே எல்லா வண்டிகளையும் அறிவித்தாராம். மேலாளர் அவரைக் கூப்பிட்டு, "நீ வண்டியில தொங்கினது போதும், உள்ள வந்து உக்காரு" என்று கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துவிட்டார். அன்றிலிருந்து அவர் எல்லோருக்கும் மைக் மாமா.

அந்த அறையில் கழுத்து வளைந்த ஒரு மைக், தலையைத் திருப்பினால் கிறீச்சிடும் ஒரு மின்விசிறி, கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டில். மாமாவுக்கு ஒரே ஒரு தொழில் விதி உண்டு. "மைக் ஆன்ல இருந்தா வாய் சும்மா இருக்கக்கூடாது. ரெண்டு மூச்சு நேரம் சத்தம் இல்லேன்னா மைக் செத்துப்போச்சுன்னு ஜனங்க கவுண்டருக்கு ஓடி வந்துடுவாங்க." அதனால் சொல்ல வண்டி இல்லாத நேரத்திலும் பையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்வார், படியில் நிற்காதே என்பார், வாழைப்பழத் தோலைக் கீழே போட்டவரைச் சட்டை நிறத்தோடு கூப்பிடுவார். வீட்டுக்கு வந்தாலும் மைக் அணைந்ததாக அவர் வாய்க்குத் தெரியாது.

அவர் மகளை நாங்கள் வாண்டு என்போம். நான்கு வயது நெருங்கியும் ஒரு வார்த்தை பேசவில்லை. சிரிப்பாள், அழுவாள், ஏதாவது வேண்டுமென்றால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். காது நன்றாகக் கேட்கிறது என்று பரிசோதனையில் சொல்லிவிட்டார்கள். நிலையத்தில் தொலைந்த பிள்ளைகளை மாமாவின் அறைக்குத்தான் கொண்டுவருவார்கள். அவர் பெயரைக் கேட்பார், விசும்பிக்கொண்டே சொல்லுவார்கள், மைக்கில் சொன்னதும் அம்மாக்கள் ஓடி வருவார்கள். அப்படி ஒரு பிள்ளை வந்த நாளெல்லாம் மாமா வீட்டில் சரியாகச் சாப்பிடமாட்டார். "என் பிள்ளை தொலைஞ்சா என்ன சொல்லும்?" என்று ஒருமுறை அத்தையிடம் கேட்டிருக்கிறார்.

வாண்டுவைச் சேர்க்கப் பக்கத்துப் பள்ளிக்குப் போனார்கள். பெரிய டீச்சர் கடுமையானவர் இல்லை. ஆனால் சுற்றி வளைக்காமல் சொன்னார். "பேசணும்னு நான் கேக்கல சார். தண்ணி வேணும், பாத்ரூம் போகணும், வலிக்குதுன்னு ஏதாவது ஒரு வழியில டீச்சருக்குத் தெரிவிக்கணும். ஒரு வகுப்புல அத்தனை பிள்ளைங்க. ஸ்கூல் திறக்கிறதுக்கு முன்னாடி கூட்டிட்டு வாங்க, பார்ப்போம். இல்லேன்னா அடுத்த வருஷம்."

அடுத்த வருஷம் என்றால் இன்னொரு வருஷம் அவள் ஜன்னலில் உட்கார்ந்து மற்ற பிள்ளைகள் பள்ளிக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மாமா அன்றே அரசு மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் இடத்தைத் தேடிப் போனார்.

அது தாழ்வாரத்தின் கடைசியில் ஒரு சின்ன அறை. தரையில் ரப்பர் விரிப்பு, சுவரில் பிள்ளைகளின் உயரத்துக்குக் கண்ணாடி, உள்ளே இருப்பது தெரியும் மூடிபோட்ட டப்பாக்களில் பொம்மைகள். அங்கே இருந்த பெண்ணை எல்லோரும் பேச்சு டீச்சர் என்றார்கள். வாண்டுவோடு தரையில் உட்கார்ந்து நெடுநேரம் விளையாடிவிட்டு, "வீட்டுல அவளோட பேசுங்க சார். அவ எதைப் பாக்கிறாளோ அதோட பேரைச் சொல்லுங்க. சின்னச் சின்னதா, நிறுத்தி நிறுத்தி" என்றார்.

மாமாவின் காதில் 'பேசுங்க' என்பது மட்டும்தான் ஏறியது.

மறுநாளிலிருந்து அந்த வீடு பேருந்து நிலையமாகிவிட்டது. "கவனிக்கவும்! நீல நிற டம்ளரில் பால் வந்துகொண்டிருக்கிறது! பால்! இது பால்! பால் குடிக்கிறியா? இது என்ன சொல்லு? பால்! சொல்லு பார்ப்போம்! இப்போது சட்டை புறப்படத் தயாராக உள்ளது!" வாண்டு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். மாமா குனிந்து கட்டிலுக்கு அடியிலும் அறிவித்தார்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "டேய், பிள்ளைக்குப் பேச்சு வரவைக்கிறியா, இருக்கிற காதையும் போக்கப் பார்க்கிறியா?"

"நீ சும்மா இரு அக்கா. டீச்சரே சொல்லியிருக்காங்க."

"டீச்சர் பேசத்தான் சொன்னாங்க. வண்டி விடச் சொல்லல."

அடுத்த தடவை போனபோது பேச்சு டீச்சர், "நீங்களும் அவளும் விளையாடுங்க, நான் ஃபோன்ல எடுக்கிறேன்" என்றார். மாமா உற்சாகமாக விளையாடினார். பிறகு டீச்சர் எதுவும் சொல்லாமல் அதைப் போட்டுக் காட்டினார். முதலில் மாமாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. "மறுபடி பாருங்க சார். உங்களைப் பாக்காதீங்க, அவ வாயைப் பாருங்க" என்றார்.

மாமா பார்த்தார். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர், "இது என்ன? பந்து! வேணுமா? சொல்லு!" என்று அடுக்கிக்கொண்டே போகிறார். நடுவில் வாண்டுவின் உதடு லேசாகப் பிரிகிறது. நாக்கு மேலே போகிறது. அதற்குள் மாமா, "இந்தா, பிடி!" என்று பந்தை உருட்டிவிடுகிறார். உதடு மூடிக்கொள்கிறது.

மாமா ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அவ ஏற வந்திருக்கா டீச்சர். ஏறுறதுக்குள்ள நான் வண்டியை எடுத்துட்டேன்" என்றார்.

"இதுதான் காரணம்னு நினைச்சுக்காதீங்க. நீங்க பேசினதால அவளுக்கு இப்படி ஆகல. ஆனா அவளுக்கு நேரம் வேணும். கொஞ்சம் சொல்லுங்க, அப்புறம் காத்திருங்க. முகத்தைப் பார்த்துக் காத்திருங்க."

காத்திருப்பது என்ற ஒன்று மாமாவுக்குக் கைவராத வித்தை. இரண்டு நாள் உதட்டைக் கடித்துப் பார்த்தார், கையால் வாயைப் பொத்திப் பார்த்தார். இரண்டிலும் வாய் ஜெயித்துவிட்டது. மூன்றாவதாகத்தான் தண்ணீர் பாட்டில் கண்ணில் பட்டது. வாயில் தண்ணீர் இருந்தால் பேச முடியாது. அவ்வளவுதான் கணக்கு.

வேலை முடிந்து வந்ததும் தினமும் விளையாட்டு. சோப்புக் குமிழி ஊதுவார். ஒருமுறை ஊதிவிட்டுக் குப்பியை மூடி மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வாய்த் தண்ணீர் நிரப்பிக்கொண்டு அவள் முகத்தைப் பார்ப்பார். வாண்டுவுக்குப் பிடித்த பிஸ்கட்டைக் கண்ணுக்குத் தெரியும் டப்பாவில் போட்டு இறுக்கி மூடி அவள் கையிலேயே கொடுப்பார். அவள் திருப்பிப் பார்ப்பாள், தரையில் தட்டுவாள், கடைசியில் அவரிடம் நீட்டுவாள். நீட்டினால் போதும், அதுவும் பேச்சுதான், உடனே திறந்துகொடுங்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். காலணி அட்டைப்பெட்டிகளை வெட்டி நடைமேடை செய்து பொம்மை பஸ்ஸை நிறுத்தினார். "வண்டி ரெடி..." என்பார். தண்ணீர். காத்திருப்பு. பல நாள் பதில், பஸ்ஸைத் தூக்கி எறிவதாகத்தான் இருந்தது. மாமா எழுந்துபோய் எடுத்துவந்து மறுபடி நடைமேடையில் வைப்பார்.

ஒருநாள் அம்மா வந்து பார்த்துவிட்டு, "என்னடா இது, ஊமைக்கோட்டான் மாதிரி..." என்று ஆரம்பித்து, வாண்டுவைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இன்னொரு பக்கம் அத்தையின் வேலை நடந்தது. அத்தை ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் போடுகிறவள். பேச்சு டீச்சர் கொடுத்த படங்களில் கழிவறைப் படம் ஒன்று இருந்தது. வாண்டு அதை நாற்காலி என்று நினைத்து அதன்மேல் பொம்மையை உட்காரவைத்தாள். டீச்சரிடம் சொன்னதும் அவர் சிரித்து, "அப்ப உங்க வீட்டையே படம் எடுங்க அக்கா" என்றார். அத்தை, கழிவறையும் சேர்ந்திருந்த அவர்கள் வீட்டுக் குளியலறையின் நீலத் தகரக் கதவை, பக்கத்தில் நிற்கும் சிவப்பு வாளியோடு எடுத்தாள். தண்ணீருக்கு வாண்டுவின் சொந்த டம்ளர். வலிக்கு, முழங்காலில் பிளாஸ்திரி ஒட்டி மாமாவே முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார். மூலையை வட்டமாக வெட்டி, லேமினேஷன் போட்டு, வளையத்தில் கோத்து வாண்டுவின் இடுப்பில் மாட்டினாள். குளியலறைக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் கதவுப் படத்தை வாண்டுவுக்குத் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் அத்தை கதவைத் திறப்பாள்.

"அட்டையைக் காட்டிப் பழகிட்டா அப்புறம் அவ வாயே திறக்கமாட்டாளே" என்றாள் அம்மா.

"நானும் அதைத்தான் கேட்டேன் அண்ணி. அட்டை பேச்சைத் தடுக்காதாம். சொல்ல முடிஞ்சா பிள்ளைக்குச் சொல்லணும்னு ஆசை வருமாம்."

ஒரு மத்தியானம் பஸ் நடைமேடையில் நின்றது. மாமா "வண்டி ரெடி..." என்று சொல்லித் தண்ணீரை வாயில் நிரப்பினார். வாண்டு பஸ்ஸைப் பார்க்கவில்லை. மாமாவின் உப்பிய கன்னத்தைப் பார்த்து, ஒரு விரலால் குத்தினாள். தண்ணீர் பீய்ச்சி அவள் முகத்திலேயே அடித்தது. அவள் விழுந்து புரண்டு சிரித்தாள். மாமா சட்டையைத் துடைக்காமல் மறுபடி தண்ணீரை நிரப்பிக்கொண்டார். அதுதான் அன்றைய விளையாட்டு. அவள் இவ்வளவு நேரம் அவர் முகத்தை இதற்கு முன் பார்த்ததில்லை. கடைசியில் சிரித்துக் களைத்து, பஸ்ஸைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். உதடு பிரிந்தது. மாமா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லையாம்.

"போ" என்றாள்.

மாமா பஸ்ஸைத் தள்ளிவிட்ட வேகத்தில் அது சுவரில் மோதிச் சக்கரம் கழன்றது.

இதோடு வேலை முடிந்துவிட்டது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். ஆனால் அந்த 'போ' அந்தப் பஸ்ஸுக்கு மட்டும்தான் வந்தது. வேறு எங்கும் வரவில்லை. பள்ளி திறக்கும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. பேச்சு டீச்சர், "ஒரு இடத்துல கத்துக்கிட்டதை இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோறது தனி வேலை சார். இடத்தை மாத்தி மாத்தி விளையாடுங்க" என்றார். மாமா பூங்காவில் ஊஞ்சலைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு கன்னம் உப்ப நின்றார். வரிசையில் நின்ற பிள்ளைகள் கத்தினார்கள், அவர் அசையவில்லை. ஊஞ்சலுக்கும் 'போ' வந்தது. மாடிப்படியில் பந்துக்கு வந்தது. பள்ளியின் கழிவறைக்குத் தகரக் கதவு இல்லை, மரக்கதவு என்று அத்தை பார்த்துவந்தாள். தகரக் கதவு அட்டை அந்த மரக்கதவுக்கும் பொருந்தும் என்று இவளுக்குத் தெரியுமா? அது யாருக்கும் தெரியவில்லை.

வாண்டுவைப் பள்ளிக்குக் கூட்டிப்போன நாள் நான் அங்கே இல்லை. அத்தை நடித்துக் காட்டியதைத்தான் சொல்கிறேன்.

பெரிய டீச்சர் அன்பாகத்தான் ஆரம்பித்தார். "வாங்க, வாங்க. உன் பேரு என்ன கண்ணு? அப்பா பேரு? இந்த ரிப்பன் என்ன கலர்? யாரு வாங்கிக்கொடுத்தா? அம்மாவா? அழகா இருக்கே!" மாமாவுக்கு வேர்த்தது. ஃபோனில் பார்த்த தன்னையே நாற்காலியில் பார்ப்பது போல இருந்திருக்கிறது. வாண்டுவுக்குப் பதிலாகத் தானே பேசிவிடுவோம் என்று பயந்து, பையிலிருந்து பாட்டிலை எடுத்து வாய் நிறையத் தண்ணீரை நிரப்பிக்கொண்டார்.

"நீங்க என்ன வேலை பாக்கிறீங்க சார்?" என்று பெரிய டீச்சர் சரியாக அப்போதுதான் கேட்டார்.

மாமா தலையை ஆட்டினார்.

"பஸ் ஸ்டாண்டுல அறிவிப்பாளருங்க" என்றாள் அத்தை.

"இவரா?" என்றார் பெரிய டீச்சர்.

வாண்டு காலை மாற்றி மாற்றி நின்றாள். கை இடுப்பு வளையத்துக்குப் போனது. மாமாவுக்குப் புரிந்துவிட்டது. வேறு நாளாக இருந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார். பெரிய டீச்சர் அடுத்த கேள்விக்கு வாய் திறந்தார். மாமா கையை உயர்த்தினார், பின்னோக்கி வரும் பஸ்ஸை நிறுத்துகிறவரைப் போல. பெரிய டீச்சர் நிறுத்திவிட்டார்.

வாண்டு அட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். டம்ளர். முழங்கால். மறுபடி டம்ளர். பிறகு நீலக் கதவு. அதைப் பிடித்துக்கொண்டு மேசையைச் சுற்றிப் பெரிய டீச்சரிடம் போனாள். அவர் மடியருகே நீட்டினாள். அவர் பார்த்தார், ஆனால் கதவும் வாளியும் அவருக்கு என்னவென்று விளங்கவில்லை. கேட்கப் போனவர், இன்னும் இறங்காத மாமாவின் கையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

வாண்டு அட்டையை ஒருமுறை தட்டினாள். "போ" என்றாள்.

"பாத்ரூம் போகணுமா? வா வா" என்று பெரிய டீச்சர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். மரக்கதவைப் பார்த்து வாண்டு தயங்கவில்லை. மாமா அப்போதுதான் தண்ணீரை விழுங்கினார்.

திரும்பி வந்த பெரிய டீச்சர், "திறக்கிற அன்னிக்கே அனுப்புங்க. இந்த வளையத்தோட. எங்க கதவையும் படம் எடுத்து அதுல சேர்த்துடுங்க" என்றார்.

வீட்டில் நாங்கள் தவித்துக்கொண்டிருந்தோம். அம்மா பொறுக்காமல் ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "என்னடா ஆச்சு? சேத்துக்கிட்டாங்களா? என்ன கேட்டாங்க? பிள்ளை அழுதாளா? சொல்லுடா!"

"சேத்துக்கிட்டாங்க அக்கா."

"அடேயப்பா! எப்படிடா? என்ன பண்ணினா? ஃபோனை அவகிட்ட குடு! தங்கம்! அத்தைடா! ஸ்கூல் பிடிச்சிருக்கா? எங்க இருக்கே?"

"அக்கா" என்றார் மாமா. "கொஞ்சம் பேசாம இரேன்."

மைக் மாமா இன்னொருவரைப் பார்த்து இதைச் சொல்லி எங்கள் குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை. அம்மா திகைத்துப்போய் வாயை மூடினாள். ஃபோனில் ஒரு பஸ் கடந்து போகும் சத்தம் கேட்டது. பிறகு மிக அருகில், வாண்டு மூச்சு விடும் சத்தம். நாங்கள் காத்திருந்தோம்.