மே தினச் சோறு

கங்கம்மாவுக்கும் அவள் ஓரகத்தி சந்திரகலாவுக்கும் பேச்சு நின்று நான்கு வருடம் ஆகியிருந்தது. பேச்சுதான் நின்றதே தவிர, வாய் நிற்கவில்லை. கவரைப்பேட்டைக்குக் கிழக்கே அண்ணனுக்கும் தம்பிக்கும் வாழ்க்கைப்பட்டு ஒரே மனையில் குடியிருந்த அந்த இரண்டு பெண்களும், ஒருத்திக்கொருத்தி சொல்ல வேண்டியதை அவரவர் எருமையிடம் சொல்லித் தீர்த்துக்கொண்டார்கள். மாட்டுக்கொட்டகை ஒன்றுதான். பாகம் பிரித்தபோது குறுக்கே மார்பளவுக்கு ஹாலோபிளாக் சுவர் எழுப்பி அதை இரண்டாக்கினார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் கங்கம்மாவின் பொம்மி, அந்தப் பக்கம் சந்திரகலாவின் சுருளி. விடிந்தால் இவள் பொம்மியைத் திட்டுவாள், அவள் சுருளியைத் திட்டுவாள். அந்த வசவு எந்த வீட்டுக்குப் போய்ச் சேருகிறது என்று மாடுகளுக்கே தெரியும். அவை பாட்டுக்குக் காதை ஆட்டிக்கொண்டு நிற்கும்.

சண்டை ஒரு வேப்பமரத்தில் ஆரம்பித்தது. மரம் சந்திரகலாவின் பாகத்துக்குப் போய்விட்டது, நிழல் மட்டும் மதியத்துக்கு மேல் கங்கம்மாவின் பக்கம் விழுந்தது. முதல் கோடையிலேயே சந்திரகலா ஆள் வைத்து, இந்தப் பக்கம் நீண்டிருந்த கிளைகளை வெட்டச் சொல்லிவிட்டாள். ஆட்டுக்குத் தழை வேண்டுமாம்! அக்னி நட்சத்திரத்து வெயிலில் மூன்று எருமைகள் வாயில் நுரை தள்ள நின்றதைக் கங்கம்மா பார்த்தாள். பேச்சுக்கு அன்றைக்கு விழுந்த பூட்டுதான்.

அந்த மூன்றில் இரண்டை விற்றாகிவிட்டது. ஏரி தூர்ந்து பாதி ஏரி கம்பெனி சுவருக்குள் போன பிறகு மேய்ச்சல் ஏது? மிச்சம் இருந்தவள் பொம்மி ஒருத்திதான். அவளும் நிறைசினை. வைகாசி பிறந்தால் கன்று போடுவாள். அந்தக் கன்றை நம்பித்தான் கங்கம்மாவின் இருப்பே இருந்தது. மகன் பரணிதரன் மணவாள நகரில் இரண்டாவது மாடியில் குடியிருந்தான். பொங்கலுக்கு வந்தவன் கறாராகச் சொல்லிவிட்டான்.

"பொம்மி ஈனி பால் கறந்துச்சுன்னா நீங்க இங்கியே இருங்க, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். அதுவும் இல்லன்னா இந்த பாகத்த, எடம் கேக்குற குடோன்காரனுக்கு உட்டுட்டு என் ஊட்டுக்கு வந்துடணும். நைனாவுக்கும் வயசாவுது."

அவன் அப்பா சேகர் தலையை ஆட்டினான். கங்கம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மருமகள் வீட்டு மாடியில் உட்கார்ந்து, போகிற வருகிற பஸ்ஸை எண்ணிக்கொண்டிருப்பதா? சாணி வாசனை படாத கையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? "பொம்மி ஈனுவா, நீ வாய மூடிக்கினு போ" என்று மகனைத் துரத்திவிட்டாள்.

அந்தக் கோடையில் புல் என்ற பேச்சே கிடையாது. வைக்கோல் லாரி ஆந்திராவிலிருந்து வரும், வந்த வேகத்தில் தீர்ந்துபோகும். கங்கம்மாவைக் காப்பாற்றியது கேன்டீன் சோறு. சிப்காட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல் பார்க்கும் விக்டோரியா அவளுக்குப் பழக்கம். தினம் மீந்த சோற்றை ஒரு நீல டிரம்மில் போட்டு வைப்பாள். மூன்று மணிக்குச் சேகர் மொபெட்டில் போய்க் கட்டிக்கொண்டு வருவான். அந்த டிரம் வாசலுக்குள் நுழையும்போது சந்திரகலா அந்தப் பக்கம் எதையாவது டமால் என்று போட்டு உடைப்பாள். அவளும் அந்தச் சோற்றைக் கேட்டுப் பார்த்தவள்தான். விக்டோரியா கொடுக்கவில்லை. கங்கம்மா கொடுக்கவிடவில்லை என்பதுதான் உண்மை.

சோற்றுக்கு ஒரு அளவு உண்டு. மாடு வளர்ப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். இரண்டு மக் சோறு, அதற்கு மேல் தவிடும் வைக்கோலும் கலந்துதான் வைக்க வேண்டும். வெறும் சோறு நிறையத் தின்ற மாட்டுக்கு வயிற்றில் அது புளித்துப் பொங்கி, அசை நின்றுபோகும். கங்கம்மா அந்த அளவை ஒருநாளும் மீறியதில்லை.

மே தினத்தன்று கம்பெனியில் விருந்து. வந்தவர்கள் பாதிப்பேர், சமைத்தது முழுசாக. சேகர் இரண்டு நடை போய் இரண்டு டிரம் கொண்டு வந்தான். வெள்ளை வெளேரென்று சோறு, மேலே பாயசம்கூட ஊற்றியிருந்தது. கங்கம்மாவுக்கு அப்படி ஒரு குஷி. டிரம்மின் மூடியை வேண்டுமென்றே கணீரென்று தட்டித் திறந்தாள்.

"பாத்தியாடி பொம்மி, உனக்கு கல்யாணச் சாப்பாடு! ஒருத்தி ஒருத்திக்குப் பழைய வைக்கோல் கூட கெடைக்கல, உன் அதிர்ஷ்டத்தப் பாரு!"

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சந்திரகலாவின் குரல் கேட்டது. சுருளியைத்தான் அதட்டினாள்.

"ஏய் சுருளி, இன்னா எட்டிப் பாக்குற? சோத்தப் பாத்ததும் நாக்கத் தொங்கப் போட்டுக்கினு நிக்காத. போன கோடையில நம்ப ஜெர்சி பசு இப்பிடித்தான் கல்யாண ஊட்டுச் சோத்தத் துன்னுட்டு கால நீட்டிச்சு. சினை மாட்டுக்கு இத்தினி சோறு வச்சா வவுத்துல கீறதும் சேந்து பூடும். தெரிஞ்சிக்கோ!"

கங்கம்மாவுக்கு ஒரு எழுத்து விடாமல் புரிந்தது. அந்த ஜெர்சி செத்தபோது எதனால் என்று அவள் கேட்கவில்லை. பாவம் பண்ணினவள் வீட்டில் மாடு தங்காது என்று பொம்மியிடம் மட்டும் சத்தமாகச் சொல்லியிருந்தாள். சந்திரகலா இப்போது சொன்னது நியாயம் என்று அவளுக்குத் தெரிந்தது. சொன்ன வாய்தான் ஆகவில்லை. வயிற்றெரிச்சல், வேறு என்ன? இவள் சொல்லி நான் என் மாட்டுக்கு அளந்து வைப்பதா?

இந்த வெயிலில் சோறு காலைக்குள் ஊசிப்போகும். அளவுக்கு மேல் இருந்ததைச் சந்திரகலாவின் பக்கத்துத் தொட்டிக்குக் கொடுத்திருக்கலாம். வாய்க்காலில் கொட்டியிருக்கலாம். கொட்டினால் சந்திரகலா பார்ப்பாள், தன் பேச்சுக்குப் பயந்து கொட்டியதாகச் சிரிப்பாள். கங்கம்மா மக்கைத் தூரப் போட்டுவிட்டு டிரம்மையே தொட்டியில் சாய்த்தாள்.

"துன்னுடி! எவ வவுறு எரிஞ்சா நமக்கின்னா? நீ துன்னு!"

பொம்மி தின்றாள். அவளுக்கு என்ன தெரியும்?

மறுநாள் விடியும்போது பொம்மி எழுந்திருக்கவில்லை. இடது விலா உப்பித் தெறித்துக்கொண்டிருந்தது. பல்லைக் கடிக்கிற சத்தம் வாசல் வரை கேட்டது. கங்கம்மா வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள், உள்ளே எந்த அசைவும் இல்லை. "ஐயோ, என் தாயே!" என்று தொட்டியோரம் உட்கார்ந்துவிட்டாள். சேகர் கால்நடை டாக்டரைக் கூட்டிவர மொபெட்டை எடுத்துக்கொண்டு ஓடினான். கங்கம்மா நல்லெண்ணெயில் பெருங்காயத்தைக் கரைத்து மூங்கில் குழாயால் பொம்மியின் வாயில் ஊற்றினாள். பாதி வெளியே வழிந்தது.

அந்தப் பக்கம் சந்திரகலா பால் கறந்துகொண்டிருந்தாள். செம்பில் பால் விழும் சத்தம் நின்றது.

"சுருளி, உனக்குத்தான் சொல்றேன். சோறு துன்ன வவுத்துக்கு எண்ணெய் ஆவாது. ஆப்பசோடாவ தண்ணியில கரைச்சி ஊத்தணும், அதுவும் நெறைய. படுக்க உடாம எழுப்பி நடத்தணும்."

சொல்லி முடிப்பதற்குள் சுவரின் மேல் ஒரு கை வந்தது. பிரிக்காத சோடா மாவு பாக்கெட் ஒன்றை அது வைத்துவிட்டுப் போயிற்று. அரை கிலோ இருக்கும். தன் ஜெர்சிக்காக வாங்கி, ஊற்ற நேரமில்லாமல் போன பாக்கெட்டாகத்தான் இருக்க வேண்டும்.

கங்கம்மா அதைப் பார்த்தாள். பொம்மி முனகினாள். எட்டி எடுத்தால் முடிந்தது. ஆனால் அந்தப் பாக்கெட்டைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வேப்பங்கிளைகள் விழுந்த மத்தியானம்தான் கண்ணில் நின்றது. இவளிடம் கை நீட்டி வாங்கிவிட்டால் நாளைக்கு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாள். கங்கம்மா சாணி வழிக்கிற தகரத்தை எடுத்து, பாக்கெட்டை அந்தப் பக்கமே தள்ளிவிட்டாள். அது பொத்தென்று விழுந்தது.

டாக்டர் வந்தபோது வெயில் ஏறிவிட்டது. வயிற்றைத் தட்டிப் பார்த்தவர் நேராகக் கேட்டார்.

"இன்னாம்மா வச்ச? எவ்ளோ சோறு?"

"ரெண்டு மக்தான் சார். எப்பவும் வைக்கிறதுதான்," என்றாள் கங்கம்மா. கூசாமல் சொன்னாள். நாக்கு அழுகிவிடும் போலிருந்தது, ஆனாலும் சொன்னாள்.

சுவருக்குப் பின்னாலிருந்து சந்திரகலா கத்தினாள். "ஏய் சுருளி! ரெண்டு மக்காம்! முழு டிரம்மு! என் ரெண்டு கண்ணால பாத்தேன், முழு டிரம்மு!"

டாக்டர் சுவரைப் பார்த்தார், கங்கம்மாவைப் பார்த்தார். அவள் தலை குனிந்திருந்தது. அவர் மருந்துப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்த ஊசியைத் திரும்பப் போட்டுவிட்டு வேறு மருந்தை எடுத்தார்.

"உண்மைய சொல்றதுக்கின்னாம்மா? ஆப்பசோடா கீதா ஊட்ல?"

"கடைக்குப் போவணும் சார்."

சுவர்மேல் அந்தக் கை மறுபடியும் வந்து பாக்கெட்டை வைத்தது. ஒரு மூலை கிழிந்து மாவு கொட்டியிருந்தது. டாக்டரே போய் எடுத்துக்கொண்டார். சேகர் வாளியில் கரைத்தான், இரண்டு பேருமாக ஊற்றினார்கள். பிறகு பொம்மியை எழுப்பப் பார்த்தார்கள். முன்னங்கால் மடங்கி இரண்டு முறை விழுந்தாள்.

"விடிகாலையிலேயே ஊத்தியிருந்தா பொழைக்க வழி இருந்திருக்கும்," என்று டாக்டர் பெட்டியை மூடினார். "இப்ப ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

பொம்மி அன்று பிற்பகல் வரை தாங்கினாள். மூன்று மணிக்கு, டிரம் வருகிற நேரத்துக்கு, தலையை நீட்டிவிட்டாள். வயிற்றில் இருந்த கன்றும் போயிற்று. கம்பெனி வேலைக்கு வந்திருந்த ஜேசிபிக்காரனைக் கெஞ்சிக் கூட்டிவந்து, ஏரிக்கரையில் குழி வெட்டி, உப்புப் போட்டு மூடினார்கள். கங்கம்மா மண்ணை வாரி வாரித் தன் தலையில் போட்டுக்கொண்டாள். நான்தான் கொன்றேன் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, சேகர் அவளுடன் இரண்டு நாள் பேசவில்லை.

அதற்கப்புறம்தான் ஒரு சங்கடம் தெரிந்தது. காலையில் சந்திரகலா வழக்கம்போல் சுருளியை ஏதோ அதட்டுவாள். அது சாதாரண அதட்டலோ, தன்னைத்தானோ என்று கங்கம்மாவுக்கு ரத்தம் கொதிக்கும். பதிலுக்குத் திட்டத் திரும்புவாள். முளைக்குச்சியும் அறுந்த கயிறும் கிடக்கும். திட்டுவதற்கு ஒரு மாடு இல்லாத வீட்டில் அவள் வாய் அப்படியே அடங்கிப்போகும். அந்தப் பக்கமும் நாளாக ஆக சத்தம் குறைந்தது. ஒரு நாள் சந்திரகலா பாதித் திட்டில் நிறுத்திவிட்டாள்.

பரணிதரன் சொன்னபடி வந்தான். குடோன்காரனிடம் பேசி முடித்தாகிவிட்டது. வைகாசி கடைசியில் ஒரு குட்டி யானை லோடு வண்டி வாசலில் வந்து நின்றது. கட்டில், பாத்திரம், இரண்டு இரும்புப் பெட்டி. அவ்வளவுதான் சாமான். நீல டிரம்மை ஏற்ற வேண்டாம் என்று கங்கம்மா சொல்லிவிட்டாள். அதைத் தானே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, நான்கு வருடமாக மிதிக்காத அந்தப் பக்கத்துக்குச் சுவரைச் சுற்றிப் போனாள்.

சந்திரகலா சுருளிக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் வாளியைப் பிடித்தபடி நின்றாள். கங்கம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. டிரம்மை இறக்கிவிட்டு எருமையின் முன்னால் போய் நின்றாள்.

"இந்தா சுருளி, காத நல்லா தெறந்து வச்சிக்கோ. விக்டோரியாகிட்ட சொல்லிட்டேன், இனிமே உங்க ஊட்டுக்குத்தான் சோறு. மூணு மணிக்கு ஆள் போவணும், லேட்டா போனா கொட்டிடுவா. ரெண்டு மக்தான். அதுக்கு மேல துன்னேன்னு வச்சிக்கோ, மணவாள நகர்லேந்து வந்து உன் இடுப்ப ஒடைப்பேன்."

சொல்லிவிட்டுத் திரும்பினாள். பின்னால் சந்திரகலாவின் குரல் வந்தது. அவளும் எருமையிடம்தான் பேசினாள்.

"சுருளி, அக்காவ ஒரு வாய் காபி குடிச்சிட்டு போவச் சொல்லு."

கங்கம்மா நின்றாள். அக்கா என்ற வார்த்தை அவளை என்னவோ செய்தது. திரும்பி வந்து சுருளியின் நெற்றியில் கை வைத்தாள். பொம்மியின் நெற்றி மாதிரியே சூடாக இருந்தது.

"வேணாம்னு சொல்லுடி," என்றாள். "அன்னிக்கு சோடா பாக்கெட்ட தள்ளி உட்ட கை இது. இன்னிக்கு எந்த மூஞ்ச வச்சிக்கினு காபி டம்ளர வாங்கும்?"

வெளியே பரணிதரன் ஹாரன் அடித்தான். கங்கம்மா போய் வண்டியில் ஏறிக்கொண்டாள்.