மெல்பேர்ண் ரயிலும் சிவந்த அமெரிக்காவும்

1975 பெப்ரவரி 27, வியாழக்கிழமை, காலை எட்டு மணி. சிட்னி சென்ட்ரல் நிலையம். ஆள் இரண்டு, பயணப் பெட்டி இரண்டு, வேலை ஒன்று. அந்த ஒரு வேலைக்குத்தான் இரண்டு பேரும் புறப்பட்டோம்.

நானும் நாதனும் யாழ்ப்பாணத்தில் ஒன்றாகத் தொழில் படித்தவர்கள். இப்போது சிட்னிப் பக்கம் பரமட்டாவில் ஒரே கடையில் தொலைக்காட்சிப் பெட்டி திருத்துகிறோம். ஓர் அமெரிக்க நிறுவனம் மெல்பேர்ணில் தேர்வு வைத்து ஒருவரைச் சிகாகோவுக்கு எடுக்கப் போவதாகக் கடைக்குக் கடிதம் வந்தது. நாதனுக்கு அது நல்ல சம்பளம். எனக்கு அமெரிக்கா. ஒன்பது வயதிலிருந்து அந்த நாட்டுக்குப் போக வேண்டுமென்று இருந்தவன் நான்.

தூரம் சுமார் 960 கிலோமீற்றர். பதின்மூன்று மணி நேரம். ஒரு வழிச் சீட்டு இருபத்திரண்டு டொலர். இடது பக்க யன்னலுக்கு ஆசைப்படாதீர்கள், காலை வெயில் முகத்தில் அடிக்கும். கோல்பர்ன் தாண்டினால் புல், ஆடு, மறுபடி புல். தேநீர் இருபது சதம், குடிக்க முடியாது. வீட்டிலிருந்து இடியப்பம் கட்டிக்கொண்டு போங்கள்.

பார்க்க ஒன்றுமில்லாததால் நான் அமெரிக்க உச்சரிப்பைப் பழகிக்கொண்டு வந்தேன். கடையில் பதினொரு பெட்டிகள் நாள் முழுக்க ஓடும், பாதிக்கு மேல் அமெரிக்கத் தொடர்கள். பாடத்துக்குக் குறைவில்லை.

"வாயை மூடடா," என்றான் நாதன். "முன் சீற்றுக்காரன் திரும்பித் திரும்பிப் பாக்கிறான்."

"பாக்கட்டும். உனக்கு ஒரு படமும் தெரியாது. அங்க போய் என்னெண்டு கதைப்பாய்?"

"கதைக்கவே கூப்பிட்டவங்கள்? பெட்டி திருத்தத்தான் கூப்பிட்டவங்கள்."

இரவு ஒன்பதுக்கு மெல்பேர்ண். நிலைய வாசலில் டாக்சி பிடித்து இரண்டு பேரும் பின்னால் ஏறினோம். படங்களில் அப்படித்தான் ஏறுவார்கள். ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "என்ன ஐயாமாரே, நான் பிரேத வண்டியா ஓட்டுகிறேன்?" என்றார். இந்த ஊரில் ஒருவராவது முன்னால் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார வேண்டும். நான்தான் இறங்கி முன்னால் போனேன். விடுதி அறை இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்பது டொலர்.

வெள்ளி காலை பத்து மணி, ஒரு ஹோட்டல் அறை. தேர்வு வைத்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க அமெரிக்கப் பொறியாளர். மேசையில் அமெரிக்க வர்ணத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று, பக்கத்தில் ஒளிநாடா இயந்திரம். அமெரிக்கப் பெட்டியில் முகத்தின் நிறத்தைத் திருத்தத் தனியாக ஒரு குமிழ் உண்டு. நமது பெட்டிகளுக்கு அது தேவையில்லை. இங்குள்ள முறையில் நிறம் தானாகவே நிலைத்து நிற்கும். திரையில் ஒரு பெண்ணின் முகம் பச்சை பிடித்து நின்றது. கருவி இல்லாமல், கண்ணை மட்டும் நம்பி ஐந்து நிமிடத்தில் சரிசெய்ய வேண்டும்.

முதலில் நான். இரண்டு நிமிடம்கூட எடுக்கவில்லை. அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். சனிக்கிழமை காலைகளில் யாழ்ப்பாணத்துத் தியேட்டரில், மலிவான கலரி வாங்கில் நெருக்கியடித்து உட்கார்ந்து அமெரிக்கப் படங்களில் பார்த்த முகம். அந்த மூட்டைப்பூச்சியும் பீடிப்புகையும் இப்போது நினைத்தாலும் இனிக்கிறது. வானம் ஊதா, முகமெல்லாம் மாதுளை முத்து. அதே நிறம் வந்ததும் கையை எடுத்தேன்.

அமெரிக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். "இந்த அம்மாவுக்குக் காய்ச்சலா?"

எனக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. யாழ்ப்பாணத்துக்கு வந்த படப் பிரதிகள் ஊர் ஊராக ஓடிக் களைத்தவை. பழைய வர்ணப் படச்சுருளில் நீலமும் பச்சையும் வெளுத்துச் சிவப்பு மிஞ்சும். படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். ஆனால் என் கண் பழகியது அந்தச் சிவப்புக்குத்தான்.

அடுத்து நாதன். அவன் குமிழைத் தொடவில்லை. "சேர், கொஞ்சம் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நில்லுங்கள்," என்றான். அவருடைய முகத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துத் திருப்பினான். முடிந்தது.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு என்னிடம், வெட்கப்படத் தேவையில்லை என்றார். அவர் வீட்டுக்கு வர்ணப் பெட்டி வந்த வருடமே, தொடரில் பார்த்த மஞ்சளைச் சமையலறைச் சுவருக்கு அடிக்கச் சொன்னாளாம் மனைவி. பக்கத்து வீட்டுக்காரன் திரையில் கண்ட பச்சை வரும்வரை புல்லுக்கு உரம் போட்டானாம். "எங்கள் நாடு எப்படி இருக்க வேண்டுமென்று நாங்களும் அந்தப் பெட்டியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம்," என்றார். நல்ல மனிதர். வேலையை நாதனுக்குத்தான் கொடுத்தார்.

வெளியே வந்ததும் நாதன் சொன்னான்: "மச்சான், நீ கேட்டது அமெரிக்கா இல்லையடா. செவ்வாய்க் கிரகம்."

என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னான். நான் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை, மார்ச் முதலாம் திகதி, பகல் ரயிலில் திரும்பினோம். அன்றுதான் இந்த நாட்டில் வர்ண ஒளிபரப்பு முறைப்படி தொடங்கியது. ஊரெல்லாம் வர்ணம் பார்த்துக்கொண்டிருக்க, நான் யன்னலில் காய்ந்த புல்லைப் பார்த்தேன். ஆல்பரியில் நாதன் தேநீர் வாங்கி நீட்டினான். வேண்டாமென்று தலையாட்டினேன்.

இதே தேர்வுக்குப் போகிறவர்களுக்கு: முதல் நாளே போய்ச் சேருங்கள், நன்றாக நித்திரை கொள்ளுங்கள். திரையில் முகம் வந்தால் படங்களை நினைக்காதீர்கள், அறையில் இருக்கும் ஆளைப் பாருங்கள்.

இனி நான் செய்யப் போவது:

1. திங்கள் எட்டரைக்குக் கடை. இனி ஒவ்வொரு பெட்டியையும் வர்ணப்பட்டைச் சோதனைப் படம் போட்டுத்தான் சரிபார்ப்பேன், கண்ணால் அல்ல.
2. அடுத்த தேர்வு செப்டெம்பரில் என்றார்கள். விண்ணப்பம் போடுவேன். அமெரிக்கா எந்த நிறமானாலும் போய்ப் பார்க்க வேண்டும்.
3. அதற்கு முன், திங்கள் காலை கடை திறந்ததும், நாதனுக்கு வாழ்த்துச் சொல்வேன். பதின்மூன்று மணி நேரம் பக்கத்தில் இருந்தும் சொல்லவில்லை.