தாளின் வலது பக்கம்

எங்கள் வீட்டில் எல்லோருடைய புருவத்திலும் பஞ்சு இருக்கும். அப்பாவுக்கு நூல் மில்லில் வேலை. அம்மா இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி சுருட்டும் கம்பெனிக்குப் போகிறாள். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. நான் சட்டம் படித்தேன். இதை எழுதும்போது இன்றும் முதுகு தானாக நிமிர்கிறது. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

படிப்பு முடிந்த கையோடு நான் கோர்ட்டுக்குப் போகவில்லை. ஒரு ஃபெல்லோஷிப்பில் சேர்ந்தேன். புதிதாகச் சட்டம் முடித்தவர்களை ஓர் ஆண்டுக்கு எடுத்துக்கொண்டு, பிரசவம், கருக்கலைப்பு, குடும்பக்கட்டுப்பாடு பற்றிய சட்டங்கள் ஊரில் எப்படி நடக்கின்றன என்று பார்த்து எழுதச் சொல்லும் வேலை அது. வாரத்துக்கு ஒருமுறை சென்னையிலிருந்து வீடியோவில் பேசுவார்கள். மற்ற நாளெல்லாம் நானும் ஊரும்தான்.

எதிர்வீட்டு அத்தைக்கு இது புரியவே இல்லை.

"கருப்புக் கோட்டு தைச்சாச்சு, கோர்ட்டுக்குப் போகல. பொறவு என்ன வேலைதான் பாக்குதா ஒம் மக?"

"சட்டம் ஒழுங்கா நடக்கான்னு பாக்குதா" என்றாள் அம்மா.

"யாரு, போலீஸா?"

"போலீஸுக்கும் மேல."

அம்மா அதைச் சொன்னபோது நான் உள்ளே லேப்டாப்பைத் திறந்து வைத்து ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். செத்த நேரம் அப்படியே இருந்து அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கம்பெனிக்குப் பின்னால் துணி காயும் இடம் இருக்கிறது. வெளுத்த துணியை நீள நீளமாகக் கொடியில் போட்டிருப்பார்கள். உள்ளே நடந்தால் வெள்ளையைத் தவிர வேறெதுவும் தெரியாது. காற்றடித்தால் மொத்த இடமும் மூச்சு விடுவதுபோல் உப்பித் தணியும். துணிக்கு அடியில் பெண்களின் பாதங்கள் மட்டும் நடந்துபோகும். மேலே மேற்கு மலையும் அதே நிறத்தில் மேகம் போர்த்தி நிற்கும். மலை எங்கே முடிகிறது, துணி எங்கே தொடங்குகிறது என்று தெரியாத காலை வேளைகளில்தான் நான் அங்கே போய் அவர்களிடம் பேசுவேன். முகம் தெரியாததால் எல்லோரும் எதையும் சொன்னார்கள்.

அப்படித்தான் ஒருநாள் இரண்டு பாதங்கள் எனக்கு எதிரே வந்து நின்றன. கால் விரலில் வெள்ளி மிஞ்சி. அம்மாவோடு சுருட்டும் மேசையில் வேலை செய்யும் அக்கா.

"வக்கீலம்மா, ஒண்ணு கேக்கவா?"

"கேளுங்கக்கா."

"எனக்குத் தள்ளிப் போயிருக்கு. எட்டு வாரம்ங்காவ. எனக்கு வேண்டாம்."

துணி அசைந்தது. அவள் நிதானமாகத்தான் பேசினாள். வீட்டில் இரண்டு பிள்ளைகள். கணவர் ராணுவத்தில், வடக்கே பனியில். விடுப்பில் வந்துவிட்டுப் போயிருக்கிறார். ஊரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு அவள் தனியாகப் போய்க் கேட்டிருக்கிறாள். கணவர் கையெழுத்து இல்லாமல் முடியாது என்றிருக்கிறார்கள். பன்னிரண்டு வாரம் தாண்டினால் இங்கே செய்யமாட்டார்களாம், மதுரைக்குப் போகவேண்டுமாம்.

"மதுரைன்னா மாமியாகிட்ட சொல்லணும். அவியகிட்ட சொல்லிட்டா ஊருக்கே மைக் வச்ச மாரி."

"அண்ணன்கிட்ட போன்ல சொல்லிட்டீங்களா?"

"இன்னும் சொல்லல. சொல்லுவேன். எப்பன்னு நாந்தான பாக்கணும்?"

வயது வந்த பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டும் போதும் என்று சட்டம் சொல்கிறது. சட்டப் புத்தகத்தின் அந்தப் பக்கம் அப்படியே என் கண்முன்னால் வந்து நின்றது. சொன்னேன்.

"நெசமாவா?" என்றது துணிக்கு அந்தப் பக்கத்துக் குரல். பிறகு மிஞ்சிக் கால் திரும்பிப் போனது.

நான் வீட்டுக்கு வந்து கடிதம் எழுதினேன். ஆங்கிலத்தில் ஆறு பக்கம். பிரிவு எண்கள், தீர்ப்புகள், அடிக்குறிப்புகள். டாக்டருக்கு ஒன்று, மாவட்டத்து மேலதிகாரிக்கு ஒரு நகல், பதிவுத் தபாலில். சென்னையில் என் கடிதத்தைப் படித்துவிட்டு மிக நன்றாக இருக்கிறது என்றார்கள். அந்த வாரம் முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. தெருவில் பறக்கிற பஞ்சோடு நானும் கொஞ்சம் உயரத்தில் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டிலிருந்து ஒரு கடிதம், அதுவும் இப்படி ஒரு கடிதம், அரசாங்கத்துக்குப் போவது அதுதான் முதல் முறை.

ஒரு வாரம் போனது. இரண்டாவது வாரமும் போனது. பதில் வரவில்லை.

"அந்தப் புள்ள தெனமும் ஒன்னையத்தான் கேக்குதா" என்றாள் அம்மா.

"பதில் வரும்மா. தபால் போட்டிருக்கேன்ல."

"டாக்டரம்மா ஆஸ்பத்திரி எங்கன இருக்கு?"

"நம்ம பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால."

அம்மா சோற்றுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நடந்து போற தூரத்துக்கா தபால் போட்ட?"

எனக்கு முகம் சுட்டது. அம்மா சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே வேறெதையோ சொல்வதுபோல் சொன்னாள்:

"ஒனக்கு ரெண்டு வயசுல எனக்குக் குடும்பக்கட்டுப்பாடு ஆப்பரேசன் பண்ணுனாவ. தாளுல கீழ ரெண்டு எடம். வலப்பக்கம் ஒங்கப்பா ரேகை வச்சாரு. எடப்பக்கம் என் வெரல நர்ஸு புடிச்சு அமுக்குனா. தாளுல என்ன இருக்குன்னு யாரும் சொல்லல."

"உனக்கு வேணாம்னு இருந்துச்சாம்மா?"

"இல்லட்டி. எனக்கும் போதும்னுதான் இருந்துச்சு. ஆனா கேட்டிருக்கலாம்ல."

மறுநாள் காலை எட்டு மணிக்கு நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். என் கடிதம் பிரிக்காமலே டாக்டர் மேசையில், மருந்துக் கம்பெனிக் காலண்டர்களுக்கு அடியில் கிடந்தது. டாக்டரம்மா நல்லவர். சோர்ந்துபோன நல்லவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அச்சடித்த பாரம் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"பாரத்துலயே இருக்கேம்மா. சட்டத்துல இல்லாததையா அடிச்சிருப்பாங்க?"

கீழே இடது பக்கம், நோயாளி கையொப்பம். வலது பக்கம், கணவர் அல்லது பாதுகாவலர் கையொப்பம். தாளின் அடியோரத்தில் எறும்பு எழுத்தில் ஓர் அச்சகத்தின் பெயர், ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர்.

அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போன பஸ் இப்போதும் என் நினைவில் மெதுவாகத்தான் போகிறது. ஜன்னலோரம் மலை கூடவே வந்தது. தென்னந்தோப்புகள் வந்து வந்து ஒதுங்கின. பாரத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்த வலது பக்க வரியை விரலால் மூடியும் திறந்தும் பார்த்துக்கொண்டிருந்தேன். மூடினால் சட்டம். திறந்தால் ஊர். கோபுரம் தெரிந்ததும் இறங்கத் தயாரானேன்.

கோர்ட்டுப் பக்கத்துச் சந்தில் இருந்தது அச்சகம். வக்காலத்து, ஜாமீன் மனு, கல்யாணப் பத்திரிகை என எல்லாம் அங்கேதான். முதலாளி பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பாரத்தைப் பார்த்தார்.

"நம்ம அடிச்சதுதாம்மா. ஏன், எழுத்துப்பிழையா?"

"இல்ல பாய். இந்த வலது பக்க வரி எங்கருந்து வந்துச்சு?"

"அதுவா? அத நான்ல போட்டேன்."

பெருமையாகத்தான் சொன்னார். டாக்டர் கொடுத்த மாதிரியில் அந்த இடத்தில் ஒன்றுமில்லையாம்.

"எடது பக்கம் ஒரு கையெழுத்து இருந்தா வலது பக்கம் ஒண்ணு வேணும்லம்மா? இல்லன்னா தாளு ஒரு பக்கமா சாஞ்ச மாரி இருக்கும். பத்திரம், ஒப்பந்தம் எல்லாத்துலயும் ரெண்டு பக்கமும் இருக்குல்ல? வேற ஆப்பரேசன் பாரத்துல இருந்து எடுத்து ஒட்டிட்டேன். பாக்க அம்சமா இருந்துச்சு. பொறவு எல்லா ஆஸ்பத்திரிக்கும் அதே மாரிதான்."

நான் சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை. எத்தனை பெண்கள் அந்த அம்சத்துக்காகத் திரும்பிப் போயிருப்பார்கள்? விஷயத்தைச் சொன்னேன். பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"எடுத்துருவோம்மா" என்றார் மெதுவாக. "ஆனா தாளு சாஞ்சுதான் இருக்கும். என்னையச் சொல்லக்கூடாது."

புதிதாக அடித்த தாள்களின் சூடு ஆறுவதற்குள் நான் பஸ் ஏறிவிட்டேன். போனில் சொன்னதும், அன்று மதியமே அக்காவும் அம்மாவும் அரை நாள் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். பத்தாவது வாரம். சட்டத்தோடு இணைந்த சம்மதப் படிவத்தை நான் தமிழில் வாசித்துக் காட்டினேன். டாக்டரம்மா இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டுப் புதுத் தாளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நர்ஸ்தான் வாயைத் திறந்தாள். "நாளைக்கு இவுக வீட்டுக்காரர் வந்து கண்ணாடிய ஒடைச்சா யாரு மேடம் பதில் சொல்றது?"

"அதாம்மா என் பயமும்" என்றார் டாக்டரம்மா. "சட்டத்துக்காக இல்ல, அந்தக் கையெழுத்து இருந்தா எங்களுக்கு ஒரு தைரியம்."

இதற்கு என் ஆறு பக்கத்தில் பதில் இல்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு அருகில் வந்துவிட்டாள்.

"அவிய அப்படிப்பட்ட ஆளு இல்ல. அப்படியே சண்டைக்கு வந்தாலும் எங்கிட்ட வரட்டும், டாக்டரம்மா. கையெழுத்து நாந்தான போடுதேன்?"

டாக்டரம்மா பேனாவைத் திறந்து அவளிடம் நீட்டினார். "நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட வாங்க."

அக்கா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். பேனாவை இறுக்கிப் பிடித்து, இடது ஓரத்தில் தொடங்கி, ஒவ்வோர் எழுத்தாக வரைந்தாள். எழுத்துகள் பெரிது பெரிதாக வந்தன. கோட்டைத் தாண்டின. நர்ஸ், "போதும்க்கா, எடம் இம்புட்டுதான்" என்றாள். அவள் கேட்கவில்லை. அவள் பெயர் தாளின் நடுவைக் கடந்து, அந்த வரி இருந்த வெற்றிடத்துக்குள் போய், வலது ஓரத்தில் ஒரு புள்ளியில் நின்றது.

அம்மா எட்டிப் பார்த்தாள். படிக்கத் தெரியாத கண்களால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை மெதுவாகப் பார்த்தாள்.

"முழுக்க இவ பேருதானா?" என்று என் காதில் கேட்டாள்.

"ஆமாம்மா. முழுக்க."

தாள் எந்தப் பக்கமும் சாயவில்லை. அக்கா பேனாவை மூடி மேசையில் வைத்தாள். அவள் புருவத்தில் ஒரு பஞ்சு ஒட்டியிருந்தது. அம்மா கை நீட்டி அதை எடுத்தாள்.